இரைச்சலின் நடுவே ஒரு குரல்

மொழிக் குறைவா, செவிக் குறைவா? எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

நல்லூர்த் தேர்த்திருவிழாவன்று வீதியில் நின்ற ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் தவிலும் நாதசுரமும். மறுபுறம் ஆயிரமாயிரம் அடியார்களின் "அரோகரா" முழக்கம். இடையிடையே கச்சான் விற்பவரின் கூவலும் ஒலிபெருக்கியின் அறிவித்தலும். இத்தனை ஆரவாரத்தின் நடுவிலும், கூட்டத்தில் கைநழுவிப்போன தன் பிள்ளை "அம்மா" என்று அழும் குரலை அத்தாய் தனியே பிரித்தறிந்து, அத்திசை நோக்கி ஓடுவார்.

அதே தாய் இன்று தென் இலண்டனில், சட்டனில் வாழ்கிறார். வைத்தியசாலை ஒன்றின் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்திருக்கிறார். குழந்தைகள் அழுகின்றன, தொலைபேசிகள் ஒலிக்கின்றன, சுவரிலுள்ள தொலைக்காட்சி தன்பாட்டிற்குப் பேசிக்கொண்டிருக்கிறது. தாதி வந்து ஒரு பெயரை அழைக்கிறார். அது இத்தாயின் பெயர்தான். ஆனால் அவருக்கு அது விளங்கவில்லை. இரண்டாம் முறையும் அழைத்துப் பார்த்துவிட்டுத் தாதி அடுத்தவரை அழைக்கிறார்.

வீட்டிற்கு வந்ததும், "எனக்கு இங்கிலீஷ் பிடிபடாது" என்கிறார் தாய். "அம்மாவுக்குக் காது மந்தம்" என்கிறார்கள் பிள்ளைகள். இவற்றுள் எது சரி? இக்கேள்விக்கு விடை காணாமலே எமது குடும்பங்களிற் பல ஆண்டுக்கணக்காகக் காலங் கடத்துகின்றன. ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் மொழிகளுள் தமிழும் ஒன்றாக இருக்கும் சட்டன் போன்ற இடத்தில், இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. இரைச்சலின் நடுவே ஒரு குரலை மனிதன் எவ்வாறு பிரித்துக் கேட்கிறான் என்பதை அறிந்துகொண்டால், இக்கேள்விக்கு விடை தேடும் வழியும் புலப்படும்.

நத்தைச்சுருளின் வேலை

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அது செவிப்பறையை அதிரச் செய்கிறது. சம்மட்டி, பட்டடை, ஏந்தி எனப் பெயர்பெற்ற மூன்று சிற்றென்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கொண்டுசெல்கின்றன. அங்கே நத்தையின் ஓடுபோலச் சுருண்டு கிடக்கும் உறுப்பே நத்தைச்சுருள். அதனுள்ளே ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நீளமான மென்சவ்வு ஒன்று உண்டு. அதன் நுழைவாயிற் பகுதி உயர்ந்த சுருதி ஒலிகளுக்கும், உட்கோடி தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கும் அதிர்கின்றது. ஆகவே பேருந்தின் உறுமலும் பிள்ளையின் கீச்சுக்குரலும் ஒன்றாகவே காதினுள் நுழைந்தாலும், உள்ளே வெவ்வேறு இடங்களில் வந்து விழுகின்றன. ஒலிகளைத் தரம்பிரிக்கும் வேலை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

எல்லா இரைச்சலும் எல்லாக் குரலையும் மறைப்பதில்லை. ஓர் ஒலியைப் பெரிதும் மறைப்பது, அதன் சுருதியை அண்டிய சுருதிகளில் எழும் இரைச்சலே என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹார்வி பிளெச்சர் 1940 இல் எடுத்துக்காட்டினார். மனிதக் குரலை மறைப்பதற்கு மனிதக் குரல்களே வல்லன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். புகையிரதத்தின் ஓசையைக் காட்டிலும், மண்டபத்திற் கூடியிருந்து கதைப்போரின் ஆரவாரமே எம்மை அதிகம் குழப்புகிறது.

நத்தைச்சுருளில் இருவகை மயிர்க்கலங்கள் உள்ளன. ஒரு காதில் ஏறத்தாழ 3,500 அகமயிர்க்கலங்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஏறத்தாழ 12,000 புறமயிர்க்கலங்கள் தாமே நீண்டும் குறுகியும் அசைந்து, மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கின்றன. காது வெறுமனே ஒலியை வாங்கும் பாத்திரமன்று, தானும் உழைக்கும் உறுப்பு என்பதை 1978 இல் டேவிட் கெம்ப் என்னும் ஆய்வாளர் இலண்டனிலேயே கண்டறிந்தார். கிறேஸ் இன் வீதியில் அந்நாளில் இயங்கிய றோயல் தேசிய தொண்டை, மூக்கு, காது வைத்தியசாலையில் அவர் நிகழ்த்திய ஆய்வில், நலமான காதிலிருந்து மெல்லிய ஒலி திரும்பி வெளிவருவது பதிவாயிற்று. இன்று இங்கிலாந்திற் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நடத்தப்படும் செவிப்புலப் பரிசோதனை இக்கண்டுபிடிப்பின் பயனேயாகும். 2006 ஆம் ஆண்டளவில் இப்பரிசோதனை இங்கிலாந்து முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இம்மயிர்க்கலங்கள் பற்றி மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. பறவைகளில் இவை அழிந்தாலும் மீண்டும் முளைக்கின்றன. மனிதரில் ஒருமுறை அழிந்தவை மீள்வதில்லை.

இரண்டு காதுகள் ஏன்?

ஒரு காது பழுதானால் மற்றக் காது போதுமே என்று எண்ணுவோர் உளர். அது தவறான எண்ணம். சந்தடி மிகுந்த இடத்தில் நின்று, ஒரு காதை விரலால் அடைத்துப் பாருங்கள். தனித்தனியே கேட்ட குரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

வலப்புறமிருந்து வரும் ஒலி வலக்காதை முதலிலும் இடக்காதைச் சற்றுப் பின்னரும் அடைகிறது. இந்தத் தாமதம் மிகக் கூடியதென்றாலும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவானது. பயிற்சி பெற்ற ஒருவர் செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்களவான வேறுபாட்டையும் உணரவல்லவர். உயர்ந்த சுருதி ஒலிகளைத் தலை மறைத்து நிற்பதால், மறுபுறக் காதில் அவை மெலிந்து கேட்கின்றன. காலவேறுபாடு, வலிமை வேறுபாடு என்னும் இவ்விரு குறிப்புகளைக் கொண்டு நாம் திசையறிவதை 1907 இல் ஆங்கில விஞ்ஞானி றேலிப் பிரபு விளக்கினார்.

திசையறிவது மட்டுமன்று, இரைச்சலை ஒதுக்குவதற்கும் இவ்வேறுபாடு உதவுகிறது. 1948 இல் ஐரா ஹேர்ஷ், லிக்லைடர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியே இதனைக் காட்டினர். இரு காதுகளிலும் இரைச்சல் ஒரேவிதமாக இருக்க, கேட்க வேண்டிய ஒலி மட்டும் இரு காதுகளுக்கிடையே வேறுபட்டிருந்தால், அவ்வொலி எளிதிற் புலப்படுகிறது. தாழ்ந்த சுருதி ஒலிகளில் இவ்வநுகூலம் 15 டெசிபெல் வரை செல்லும். முன்பு தேவைப்பட்ட ஆற்றலில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே போதும் என்பது இதன் பொருள். இருபுறச் செய்திகளையும் மூளைத்தண்டு ஒப்புநோக்கி, பொதுவாயுள்ள இரைச்சலைத் தள்ளிவைப்பதாற் கிடைக்கும் பயன் இது.

இரைச்சல் எப்போதும் ஒரே சீராக இருப்பதுமில்லை. ஒரு கணம் ஏறும், மறுகணம் இறங்கும். விட்டு விட்டுப் பெய்யும் மழையில் இடைவெளி பார்த்து முற்றத்தைக் கடப்பதுபோல, நலமான காது இரைச்சல் இறங்கும் கணங்களிற் பேச்சின் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்கிறது. எஞ்சிய இடைவெளிகளை நிரப்புவது மூளை.

ஒரு விருந்து மண்டபத்தின் கேள்வி

பலர் ஒரே வேளையிற் பேசும்போது ஒருவருடைய பேச்சை மட்டும் நாம் எவ்வாறு கேட்கிறோம்? இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கொலின் செரி 1953 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இக்கேள்வியை எழுப்பினார். விருந்து மண்டபச் சிக்கல் என்ற பெயரில் அது இன்றுவரை பேசப்படுகிறது.

செரி தம் பரிசோதனைக்கு உட்பட்டோரின் ஒரு காதில் ஒரு பேச்சையும் மறுகாதில் இன்னொரு பேச்சையும் ஒலிக்கச் செய்தார். ஒரு காதிற் கேட்பதை உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லும்படி பணித்தார். அவர்கள் அதனைச் செவ்வனே செய்தனர். ஆனால் மறுகாதில் என்ன பேசப்பட்டது என்று கேட்டபோது அவர்களாற் கூற இயலவில்லை. அங்கே ஆண்குரல் பெண்குரலாக மாறியதைக் கவனித்தனர். மொழி ஆங்கிலத்திலிருந்து ஜேர்மனுக்கு மாறியதையோ கவனிக்கவில்லை. காதில் விழுவது வேறு, கவனத்தில் பதிவது வேறு என்பது இதனாற் தெளிவாயிற்று.

ஆனால் கவனிக்கப்படாத காதும் முற்றாக மூடப்பட்டிருக்கவில்லை. 1959 இல் நெவில் மோறே என்பவர் அத்தகைய காதினுள், கேட்பவருடைய சொந்தப் பெயரை ஒலிக்கச் செய்து பார்த்தார். வேறெதையும் கவனியாதவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் தம் பெயரைக் கேட்டனர். தொட்டிலிலிருந்து பழகிய ஒலியை மூளை எப்போதும் எதிர்பார்த்திருக்கிறது.

காத்திருப்புக் கூடத்தில் இருந்த தாயை இப்போது மீண்டும் நினைவுகூர்வோம். அவரது பெயர் அழைக்கப்பட்டது உண்மை. ஆனால் அசையழுத்தம் மாறி, குறில் நெடிலாகி, பாதியிலே வெட்டுண்டு, அந்நிய நாவில் வந்த அப்பெயர், அறுபது ஆண்டுகளாக அவர் மூளை அறிந்திருந்த பெயரன்று. நல்லூரில் அவருக்குக் கைகொடுத்த அந்தக் காவல், இங்கே காவலுக்குரிய அடையாளத்தையே இழந்து நிற்கிறது.

பழகிய மொழி, பழகாத மொழி

இரைச்சலில் விடுபட்ட துண்டுகளை மூளை நிரப்புகிறது என்றோம். நிரப்புவதற்கு வேண்டிய பொருள் மொழிப்பழக்கம். "இன்றைக்குக் கறிக்கு என்ன மீன்" என்ற வசனத்தில் இரண்டு சொற்கள் இரைச்சலில் அமிழ்ந்தாலும் எமக்குப் பொருள் விளங்கும். ஆங்கிலத்தில் அவ்வாறு நிரப்புவதற்கு, அம்மொழி சிறுவயதிலிருந்தே காதில் ஊறியிருக்க வேண்டும். 1997 இல் வெளியான மாயோ, புளோரென்ரைன், பூஸ் ஆகியோரின் ஆய்வு, இரண்டாம் மொழியைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றவர்கள் அம்மொழிப் பேச்சை இரைச்சலில் விளங்கிக்கொள்வதில், பிற்காலத்திற் கற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டு நின்றதைக் காட்டியது. அமைதியான அறையில் நன்றாக ஆங்கிலம் விளங்குவோரும், சந்தடியில் விரைவாகத் தடுமாறுகின்றனர்.

ஆகவே, வகுப்பறையில் ஆங்கிலப் பரீட்சை சித்தியடைந்த ஒருவர், சட்டன் புகையிரத மேடையில் அறிவித்தல் விளங்காமல் மற்றவர் முகத்தைப் பார்ப்பது கல்விக் குறைவுமன்று, மதிக் குறைவுமன்று. கடையிலும் உணவகச் சமையற்கட்டிலும் நாள்முழுதும் இரைச்சலின் நடுவே ஆங்கிலம் கேட்டுப் பணிபுரிவோர், மாலையில் தலை கனத்து வீடு திரும்புவதில் வியப்பில்லை. அவர்களது மூளை பகல் முழுவதும் இடைவெளி நிரப்பி உழைத்திருக்கிறது.

மொழிக்குப் பின்னால் ஒளியும் குறை

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கமே எமது சமூகம் கூடிய கவனஞ் செலுத்த வேண்டியது. "இங்கிலீஷ் விளங்கவில்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையான செவிக் குறை ஒளிந்துகொள்கிறது.

முதுமையில் வரும் செவிக் குறை பொதுவாக உயர்ந்த சுருதிகளையே முதலிற் பாதிக்கிறது. உயிரெழுத்துக்களின் ஓசை வலிமையானது. பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளில் நிற்பது. ச, ஸ, ஃப, த போன்ற மெல்லிய உரசொலிகளும் வெடிப்பொலிகளும் உயர்ந்த சுருதிகளில் தங்கியுள்ளன. எமது இலக்கணத்தை இங்கே நினைவுகூருங்கள். தமிழ்ச் சொற்கள் உயிரிலோ, மெல்லின, இடையின மெய்களிலோ முடிவனவேயன்றி, வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆங்கிலமோ அவ்வாறன்று. ஒருமை பன்மை வேறுபாடும், நிகழ்காலம் இறந்தகால வேறுபாடும் சொல்லின் கடைசியில் மெல்லென ஒலிக்கும் ஒரு "ஸ்" அல்லது "ட்" ஒலியிலே தங்கியிருக்கின்றன. எனவே உயர்ந்த சுருதிகளை இழக்கத் தொடங்கிய காது, ஆங்கிலத்தில் முதலிற் தடுமாறி, வீட்டில் தமிழை நன்றாகவே கேட்பதுபோலத் தோன்றுவது இயல்பே. "தமிழிற் கதைத்தால் எல்லாம் கேட்கிறது, ஆகவே காதில் பிழையில்லை" என்று முடிவுகட்டுவது இதனாற்றான் தவறாகிறது.

எம்மவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 வரை நீண்ட போரில், எறிகணைகளும் குண்டுவீச்சும் எத்தனையோ பேரின் காதருகே வெடித்தன. வெடிப்பின் அமுக்கத்தாற் கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் ஆறிவிடும். அழிந்த மயிர்க்கலங்கள் ஆறுவதில்லை. சில நாட்கள் காது அடைத்து, இரைந்து, பின்னர் சரியாகிவிட்டது என்று பலர் அதனை மறந்திருப்பர். 2009 இல் அமெரிக்காவில் ஷரன் குஜாவா, சார்ள்ஸ் லிபர்மன் ஆகியோர் எலிகளில் நடத்திய ஆய்வொன்று இங்கு கருதத்தக்கது. பேரிரைச்சலுக்குப் பின் எலிகளின் கேள்வித்திறன் பழைய நிலைக்குத் திரும்பியது, மயிர்க்கலங்களும் எஞ்சியிருந்தன. ஆயினும் அவற்றை நரம்புடன் இணைக்கும் இணைப்புக்களிற் பெரும்பகுதி நிரந்தரமாக அழிந்திருந்தது. மனிதரில் இதன் பங்கு எவ்வளவென்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

கேட்கும் குறையுள்ளவர் மெல்ல மெல்லக் கூட்டங்களைத் தவிர்க்கத் தொடங்குவார். பிறந்தநாள் விழாவில் மூலையில் அமர்வார். கேட்காத நகைச்சுவைக்குச் சிரிப்பார். பின்னர் வராமலே விடுவார். நாட்டையும் ஊரையும் இழந்து வந்த ஒருவர், எஞ்சியிருக்கும் உரையாடலையும் இழப்பது சிறிய இழப்பன்று. 2017 இல் லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு, முதுமை மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளுள் செவிக் குறையையும் ஒன்றாகக் குறிப்பிட்டதையும் மனங்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் நிலை

இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன் குழந்தைகளில் மெதுவாகவே முதிர்கிறது. பதின்ம வயது வரை அது வளர்கின்றது. எனவே சந்தடியுள்ள வகுப்பறையிற் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் சிரமப்படுவர். இதனோடு, இளஞ் சிறாரிடையே பரவலாகக் காணப்படும் நடுச்செவியில் நீர்தங்கும் நிலையும் சேர்ந்தால், பிள்ளை பாதிப் பேச்சையே கேட்கும். "வீட்டில் தமிழ் பேசுவதாற் பிள்ளையின் ஆங்கிலம் பின்தங்குகிறது" என்று எவரேனும் கூறினால், தமிழை நிறுத்துவதற்கு முன் பிள்ளையின் காதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இருமொழி பேசுவதாற் காது கெடுவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, வீட்டிலேயே சிலவற்றைக் கவனிக்கலாம். சந்தடியான மண்டபத்தில் தமிழ்ப் பேச்சும் விளங்கவில்லையா? தொலைக்காட்சியின் ஒலியை மற்றவர்களாற் தாங்க முடியாதளவுக்கு உயர்த்துகிறாரா? தொலைபேசியில் பேரப்பிள்ளைகளின் குரல் விளங்குவதில்லையா? காதில் இரைச்சல் உண்டா? ஆம் என்றால் மொழியைக் குறைகூறாமற் குடும்ப வைத்தியரை நாடுங்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமற் போனால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. அது அவசர சிகிச்சைக்குரியது.

இரண்டாவதாக, இங்கிலாந்தில் எவரும் தமது குடிவரவு நிலை எதுவாயினும் குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்து, கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அகதியாக ஏற்கப்பட்டோருக்கும், புகலிட விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருப்போருக்கும் தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலைச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அச்சேவை வழங்கும் செவிக்கருவியும் அதன் மின்கலங்களும் இலவசம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முன்கூட்டியே கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பெற்றோரின் நோய்க்கு மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். இரைச்சலில் தடுமாறுவதையும், போர்க்காலத்தில் வெடிப்புக்கு அருகில் இருந்ததையும் மறவாது சொல்லுங்கள். ஏனெனில் வழமையான பரிசோதனை அமைதியான அறையில் நடப்பது. அது சரியாக இருந்தாலும் இரைச்சலில் சிரமம் இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, பேசுபவரின் முகத்தைப் பாருங்கள். இரைச்சல் கூடும்போது உதட்டசைவு பெருந்துணை செய்வதை 1954 இலேயே சம்பி, பொலாக் என்போர் அளந்து காட்டினர். சட்டனுக்கு அயலிலுள்ள சறே பல்கலைக்கழகத்தில் ஹரி மக்கேர்க், ஜோன் மக்டொனால்ட் இருவரும் 1976 இல் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டனர். உதடுகள் கூடிப் பிறக்கும் ஓர் ஒலியைக் காதுக்கும், வாயின் பின்புறத்திற் பிறக்கும் ஒலியின் வாயசைவைக் கண்ணுக்கும் கொடுத்தால், இரண்டுமல்லாத மூன்றாவது ஒலியொன்றையே பலரும் கேட்டனர். நாம் கண்ணாலும் கேட்கிறோம். ஆகவே வயோதிபருடன் பேசும்போது அடுத்த அறையிலிருந்து கூவாமல், எதிரே வந்து, வெளிச்சம் முகத்தில் விழ நின்று, நிதானமாகப் பேசுங்கள். கத்துவதாற் பேச்சுத் தெளிவடைவதில்லை.

நான்காவதாக, எமது விழா அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாமத்தியவீடானாலும் கலைவிழாவானாலும் ஒலிபெருக்கியைச் சற்றுத் தணியுங்கள். வயோதிபர்களுக்கு ஒலிபெருக்கிக்குத் தொலைவில் ஒரு மேசையை ஒதுக்குங்கள். அங்கே வருவோர் பாட்டுக் கேட்பதற்காக மட்டும் வருவதில்லை. ஊரவரோடு நாலு வார்த்தை கதைக்கவும் வருகிறார்கள்.

நல்லூர் வீதியில் பிள்ளையின் குரலைப் பிரித்தறிந்த அத்தாயின் காதும் மனமும் இன்றும் அவரிடமே இருக்கின்றன. அடுத்தமுறை அவர் காத்திருப்புக் கூடத்தில் அமரும்போது, வரவேற்பு மேசையிற் சொல்லித் தாதியின் முகம் தெரியும் இருக்கையில் அமரட்டும். தமது பெயரை எவ்வாறு உச்சரிக்க வேண்டுமெனவும் தயங்காமற் சொல்லிக் கொடுக்கட்டும். அதன் பின்பும் கேட்கவில்லையெனில், குறை ஆங்கிலத்தில் இல்லை. காதைப் பரிசோதிக்கும் நாள் வந்துவிட்டது.